காலி வண்டி எடை

டோல்கேட் தாண்டி, கண்டெய்னர் லாரிகள்
ஒன்றன் வாலை ஒன்று முகர்ந்து நிற்கும் சாலையில்
எடைமேடைக் கூண்டுக்குள் இருப்பவள் நான்.
ஏற்றிக்கொண்டு வரும்போது ஓர் எடை,
இறக்கிவிட்டு வரும்போது ஓர் எடை,
கழித்தால் சரக்கு.
பதினோரு வருஷமாய் இதே கழித்தல்.

காலை ஆறு மணிக்கு என் விரல்கள் என்னுடையவை அல்ல.
ராத்திரி யாரோ கழற்றி, ஈரச் சிமெண்டில் தோய்த்து
மறுபடி மாட்டிவிட்டுப் போனமாதிரி.
குழாய் திருக உள்ளங்கையின் அடிப்பாகம்.
ஜாக்கெட் கொக்கிக்குச் செல்வின்.
ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை அவன்;
அலுத்துக்கொண்டால் தேவலை.

ஞாயிறு, பூசை முடிந்து, சாப்பிட்டபின் மாத்திரை.
மஞ்சளாய், துவரம்பருப்பைவிடச் சின்னதாய், ஆறு.
வாரத்துக்கு ஒருதரம்தான், தினமும் இல்லை என்று
ஸ்டான்லி மருந்துக் கவுண்டரில்
சிவப்பு மையால் மூன்று கோடு இழுத்துத் தந்தார்கள்.
விரல் வலி மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்க
விரல் வேண்டும்.
கத்தரிக்கோல் வைத்திருக்கிறேன்.

திங்கள் முழுக்க நாக்கில் துரு.
காசிமேட்டு மீன் தின்று வளர்ந்தவள்,
பக்கத்து வீட்டுச் சங்கராக் குழம்புக்கு
மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிக்கு ஓடுகிறேன்.
சீப்பைப் பார்ப்பதில்லை.
மூன்று மாதத்துக்கொருதரம் ரத்தம்:
கல்லீரல் கணக்கு முப்பத்தெட்டு, நாற்பத்திநாலு, அறுபத்தொன்று.
"பார்க்கலாம்" என்றார் டாக்டர்.
யார், எதை என்று சொல்லவில்லை.

முதல் வருஷ மாத்திரையில் முகம் உப்பிப் பூரியானது.
"இப்பத்தான் நல்லா சதை வெச்சிருக்க" என்று
தெருவே சந்தோஷப்பட்டது.

இன்னொரு மாத்திரை கண்ணில் படியுமாம்.
எழும்பூரில் இருட்டுப் பெட்டிக்குள் தலையை விடச்சொன்னார்கள்,
வெளிச்சப்புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்தணும்.
தெரிந்தது. எல்லாம் தெரிந்தது.
அழுத்துவதற்குள் அடுத்த புள்ளி வந்துவிட்டது.
காகிதத்தில் நான் பாதிக் குருடி.
மத்தியானம் விரல் வந்தபிறகு மறுபடி உட்காரவைத்தார்கள்,
பார்வை திரும்பிவிட்டது.

குழந்தை வேண்டுமென்றால் மூன்று மாதம் முன்னாலேயே
மஞ்சளை நிறுத்தணும்.
முப்பத்தாறு முடிந்திருந்தது. நிறுத்தினோம்.
ஐந்தாம் வாரம் மணிக்கட்டு, ஏழாம் வாரம் முட்டி.
ஒன்பதாம் வாரம், கம்ப்யூட்டர் மக்கர் செய்த ஒரு நாள்,
கையால் எடை தட்டினேன்.
இருபத்தேழாயிரத்து நானூற்றி எண்பது கிலோவில்
ஏழு விழவேயில்லை.
சீட்டைப் பார்த்து டிரைவர் ஏகாம்பரம் சிரித்தான்:
"இருபத்தஞ்சு டன்னை எங்கக்கா ஒளிச்சு வெச்ச?"
முதலாளி சிரிக்கவில்லை.

எதை எதிலிருந்து கழிப்பது?
நோய் வருமுன்னே என்னை யாரும் நிறுத்துவைக்கவில்லை.
கோபம் வருகிறதே, அது வலியா, மாத்திரையா,
பிலோமினாவே அப்படித்தானா?
காலி வண்டி எடை தெரியாமல்
சரக்குக்குச் சீட்டு எழுதக்கூடாது.
அது சட்டம்.

சொல்லாமலே மறுபடி ஆரம்பித்தேன்.
அட்டையை அரிசி டின்னுக்குள் வைத்தேன்.
செல்வின் இரவுப் பணி முடிந்து தூங்கும் நேரத்தில்
ஐந்து ஞாயிறு.

ஆறாவது ஞாயிறு, பூசை முடிந்து வந்தால்
தண்ணீர்ச் சொம்புக்குப் பக்கத்தில்
சோடா மூடிக்குள் மாத்திரைகள், பிதுக்கியே வைத்திருந்தன.
அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, எண்ணினேன்.
ஐந்து.
"ஒண்ணு எங்கயோ உருண்டுடுச்சி" என்றான்.
டார்ச்சை அவன் பிடித்தான்.
மண்டியிட்டு, கட்டிலுக்கடியில் கைவிட்டுத்
துழாவியது நான்தான்.